கவிழ்க்கிறது என்பதே எங்கள் கட்சி

(பட்டிமன்றத் தலைப்பு: மக்களை நம்பி நடக்கும் தேர்தல் பிரசாரத்தைத் தன்னார்வலர்களின் மிதமிஞ்சிய ஆர்வம் நிமிர்த்துகிறதா, கவிழ்க்கிறதா? அமெரிக்காவில் ஒரு தமிழ்ச் சங்க விழாவில், 'கவிழ்க்கிறது' அணியின் இரண்டாவது உரை.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பக்கத்து அறையில் பிரியாணி வாசம் வந்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

எதிரணித் தலைவர் உருக்கமாகப் பேசினார். "ஒரு பைசா சம்பளம் வாங்காமல், குளிரிலும் வெயிலிலும் வீடு வீடாக நடக்கிறானே, அவனைக் குறை சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருகிறது?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். தொண்டரே வேண்டாம் என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லையே ஐயா! சம்பளம் வாங்காத ஆளிடம் ஒரு சங்கடம் இருக்கிறது என்றுதான் சொல்கிறோம். சம்பளத்துக்கு வந்தவனிடம் "இந்தத் தெருவுக்குப் போகாதே" என்றால் போகமாட்டான். ஆசைக்கு வந்தவனிடம் சொல்லிப் பாருங்கள்! "நான் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறேன், என்னைப் போகாதே என்கிறீர்களா?" என்பான். இந்த விழாவுக்கு ஆள் பிடித்த செயலாளரைத் தனியாகக் கேட்டால் கண்ணீரோடு சொல்வார்.

அடுத்து வந்த அம்மையார் ஹோவர்ட் டீன் கதையை எடுத்தார். தொண்டர்கள் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள், அவர் போட்ட ஒரு கூச்சலைக் காட்டிக் காட்டியே தொலைக்காட்சி ஒரே ராத்திரியில் கவிழ்த்துவிட்டது என்றார். மிக்க நன்றி அம்மா. நான் தயார் செய்துகொண்டு வந்ததும் அதே கதைதான். நீங்கள் கடைசி ரீலை மட்டும் ஓட்டிக் காட்டினீர்கள். நான் முதலிலிருந்து ஓட்டுகிறேன்.

டீன் ஒரு மருத்துவர். வெர்மான்ட் என்ற சின்ன மாநிலத்தில் 1991 முதல் 2003 வரை ஆளுநர். 2004 அதிபர் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக வேண்டும் என்று அவர் கிளம்பியபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் ஈராக் போரை அவர் பட்டென்று எதிர்த்தார். போட்டியில் இருந்த ஜான் கெர்ரி, ஜான் எட்வர்ட்ஸ், டிக் கெப்ஹார்ட் மூவரும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் போருக்கு அனுமதி கொடுத்து வாக்களித்திருந்தார்கள். கோபத்தில் இருந்த கட்சிக்காரர்கள் டீன் பக்கம் திரண்டார்கள். மீட்அப் என்ற இணையதளம் வழியாக ஊர் ஊராகக் கூடினார்கள். சின்னச் சின்னத் தொகையாகவே 2003இல் மட்டும் சுமார் 4 கோடி டாலர் சேர்ந்தது. டிசம்பரில், 2000 அதிபர் தேர்தலில் அதே கட்சியின் வேட்பாளராக இருந்த அல் கோர் வந்து ஆதரவு சொன்னார். கட்சியின் வேட்பாளரை மாநிலம் மாநிலமாக வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள்; அதில் அப்போது முதல் மாநிலம் அயோவா. ஜனவரி பிறந்தபோது அந்த அயோவா கருத்துக்கணிப்புகளில் டீன் முன்வரிசையில் இருந்தார். இதுவரைக்கும் எதிரணி சொன்னதெல்லாம் சரி. தொண்டர் பலம்தான், மறுக்கவில்லை.

அப்புறம் என்ன நடந்தது?

அதற்கு அயோவாவில் எப்படி வாக்களித்தார்கள் என்று கொஞ்சம் சொல்லவேண்டும். அங்கே அப்போது நடந்தது காக்கஸ். பெட்டியும் கிடையாது, ரகசியமும் கிடையாது. மாநிலம் முழுக்க ஏறத்தாழ 2,000 இடங்களில், பள்ளிக்கூடம், தேவாலயம், தீயணைப்பு நிலையம் என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே ஊர்க்காரர்கள் ராத்திரி கூடுவார்கள். கெர்ரிக்கு ஒரு மூலை, டீனுக்கு ஒரு மூலை, எட்வர்ட்ஸுக்கு ஒரு மூலை. எந்த மூலையில் யார் நிற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலான இடங்களில் ஒரு மூலையில் 15 சதவீதம் சேரவில்லை என்றால் அந்தக் கூட்டம் கலையவேண்டும். கலைந்தவர்கள் வேறு மூலைக்குப் போகலாம். அப்போதுதான் பேரம் சூடு பிடிக்கும். "வாங்க அண்ணே, எங்க பக்கம் வாங்க" என்று அக்கம்பக்கத்தார் கையைப் பிடித்து இழுப்பார்கள்.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள் நடுவர் அவர்களே. ஒன்று, கூப்பிடுகிறவர் ஊர்க்காரராக இருந்தால்தான் வேலை நடக்கும். இரண்டு, இன்றைக்கு எதிர் மூலையில் நிற்கிறவர் இன்னும் கால் மணி நேரத்தில் உங்களுக்குத் தேவைப்படுவார். அவர் மனசு கோணாமல் இருக்கவேண்டும்.

இப்படிப்பட்ட ஊருக்கு டீனின் தொண்டர்கள் எப்படி வந்தார்கள்? கடைசி வாரங்களில், நாடு முழுவதிலிருந்தும், 3,000க்கும் மேற்பட்டவர்கள். திட்டத்துக்கு 'மாபெரும் புயல்' என்ற பொருளில் ஒரு பெயர். தலையில் ஆளுக்கொரு ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பி. ஜனவரி மாத அயோவா, எங்கே பார்த்தாலும் வெள்ளைப் பனி, அதில் பளீரென்று ஆரஞ்சு. வாசலில் வந்து நிற்பவர் வாயைத் திறப்பதற்கு முன்பே "இவர் வெளியூர்" என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். வெளியூர் ஆளை மறைத்துக் கூட்டிப்போவது ஒரு வழி. சீருடை மாட்டி அனுப்புவது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பெயரையும் பாருங்கள். புயல் வருகிறது என்றால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? கதவைச் சாத்துவார்.

வந்தவர்கள் நல்ல பிள்ளைகள், அதில் சந்தேகமே இல்லை. முகாம்களில் படுத்துத் தூங்கிவிட்டு, உறைபனியில் நடந்தார்கள். அதற்கு முன்பே 2003இல் மீட்அப் கூட்டங்களில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத அயோவா வாக்காளர்களுக்குக் கைப்படக் கடிதம் எழுதினார்கள். இவ்வளவு உழைப்புக்கும் பலன் என்ன? 2004 ஜனவரி 19, திங்கட்கிழமை ராத்திரி. கெர்ரி 38 சதவீதம். எட்வர்ட்ஸ் 32. டீன் 18. மூன்றாவது இடம்!

சரி, நியாயமாகவும் பேசவேண்டும். தோல்விக்குத் தொப்பி மட்டும் காரணம் என்று சொன்னால் நடுவர் என்னை விடமாட்டார். டீனும் கெப்ஹார்ட்டும் விளம்பரங்களில் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டார்கள். அதில் இரண்டு பேருக்கும் அடி. சதாம் உசேன் பிடிபட்டதும் போர் எதிர்ப்புப் பேச்சின் சூடு கொஞ்சம் தணிந்தது. டீனே பல இடங்களில் வாய் தவறினார். எல்லாம் உண்மை. ஆனால் இப்படி அடி விழும் நேரத்தில்தான், "அட, நம்ம வேட்பாளர்ங்க, பார்த்துக்கலாம்" என்று தெருவில் ஒருவர் தாங்கிப் பிடிக்கவேண்டும். கெர்ரிக்கு அப்படி ஆட்கள் இருந்தார்கள். தீயணைப்பு வீரர்களின் தொழிற்சங்கம் அவர் பக்கம் நின்றது. தீயணைப்பு வீரர் இல்லாத ஊர் ஏது? அவர் போன வருஷமும் அங்கேதான் இருந்தார், அடுத்த வருஷமும் அங்கேதான் இருப்பார். அவரோடு கூடவே, கெர்ரியோடு வியட்நாமில் இருந்த பழைய சிப்பாய்கள். டீன் தரப்பிலிருந்து வாசலுக்கு வந்த கல்லூரிப் பிள்ளை செவ்வாய்க்கிழமை காலையில் விமானம் ஏறிவிடுவார் என்று அந்த ஊர்க் கிழவிக்குத் தெரியாதா?

இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். வீடு வீடாகப் போகிறவர்கள் ஒவ்வொரு வாக்காளருக்கும் ஒரு எண் போடுவார்கள். கட்டாயம் நமக்குத்தான் என்றால் 1. கட்டாயம் எதிரிக்குத்தான் என்றால் 5. நடுவில் மற்றவை. பிரசாரத்தின் மூளையே இந்தப் பட்டியல்தான். கடைசி நாளில் யாரைக் கூப்பிடுவது, யார் வீட்டுக்கு வண்டி அனுப்புவது எல்லாம் அதைப் பார்த்துத்தான். இப்போது ஆர்வம் தலைக்கேறிய நம் தொண்டர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார். அயோவாக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். பனியில் நடுங்கிக்கொண்டு நிற்கும் பிள்ளையிடம் "போடா" என்று சொல்வார்களா? "டீன் நல்ல மனிதர்தான், யோசிக்கிறேன் தம்பி" என்கிறார்கள். தம்பி உடனே பட்டியலில் 1 போட்டுவிட்டு, துள்ளிக் குதித்து அடுத்த வீட்டுக்குப் போகிறார். நம் ஊரில் கல்யாண வீட்டுக்காரர்கள் "கண்டிப்பாக வருகிறோம்" என்றவர்களை எல்லாம் எண்ணி இலை போட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. டீன் அலுவலகத்தில் இருந்த கணக்குக்கும், அன்று ராத்திரி அவர் மூலையில் வந்து நின்ற ஆட்களுக்கும் சம்பந்தமே இல்லை.

ஆர்வம் குறைவான தொண்டர் நாலு வீடு குறைவாகப் போவார். அந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரியும். ஆர்வம் மிஞ்சியவர் நாற்பது வீட்டுக்குப் போய், தப்பான சேதி கொண்டுவருவார். அலுவலகம் அதை நம்பித் தூங்கிவிடும்.

அடுத்து அம்மையார் சொன்ன அந்தக் கத்தலுக்கு வருகிறேன். தோற்ற அன்று ராத்திரி மேடையேறி, மாநிலம் மாநிலமாகப் பெயர் சொல்லி, கடைசியில் ஒரு கூச்சல் போட்டார் டீன். தொலைக்காட்சிகள் அதை நூற்றுக்கணக்கான தடவை போட்டுக் காட்டின, நாடே சிரித்தது. ஆனால் வரிசையைப் பாருங்கள் அம்மா. முதலில் மூன்றாம் இடம், பிறகுதான் கூச்சல். கவிழ்ந்த பிறகு கத்தியதைக் காட்டி, கத்தியதால் கவிழ்ந்தது என்கிறீர்கள்.

அந்தக் கூச்சலாவது யாருக்காக? எதிரே நின்றது அதே தொண்டர் கூட்டம். அழுது தொங்கிப்போயிருந்த பிள்ளைகளைத் தேற்றவேண்டும் என்று அவர் குரலை உயர்த்தினார். அரங்கத்துக்குள் போட்ட சத்தத்தில் அவர் குரலே சரியாகக் கேட்கவில்லை என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். அவர் கையில் இருந்த ஒலிவாங்கியோ கூட்டத்தின் சத்தத்தை விட்டுவிட்டு அவர் குரலை மட்டும் பிடித்தது. வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு மனிதர் தனியாக நின்று கத்துவதாகத் தெரிந்தது. அன்று ராத்திரி அவர் பேசியிருக்கவேண்டியது நியூ ஹாம்ப்ஷயர் வாக்காளரிடம். அங்கே எட்டு நாளில் அடுத்த உட்கட்சித் தேர்தல். அவர் பேசியது தன் தொண்டர்களிடம். ஆர்வம் மிஞ்சிய கூட்டம் ஒரு வேட்பாளரைச் சூழ்ந்துகொண்டால் அவர் கண்ணுக்கு வாக்காளர் தெரியமாட்டார், கூட்டம்தான் தெரியும். எதிரணி கொண்டுவந்த சாட்சியே எங்கள் கூண்டில் ஏறிவிட்டது ஐயா.

அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு கூத்து. லண்டனின் கார்டியன் பத்திரிகை, ஒஹாயோ மாநிலத்தில் கிளார்க் கவுண்டி என்ற மாவட்டத்தின் வாக்காளர் பட்டியலை 25 டாலர் கொடுத்து வாங்கியது. வாசகர்களிடம் "ஆளுக்கொரு முகவரி தருகிறோம், கடிதம் எழுதுங்கள்" என்றது. அப்போதைய அதிபர் புஷ் திரும்ப வரக்கூடாதே என்ற கவலையில் இருந்த ஆயிரக்கணக்கானவர்கள் முகவரி வாங்கினார்கள். நல்லெண்ணம்தான், யார் இல்லை என்றது? அமெரிக்காவிலிருந்து வந்த பதில்களில் பல, இந்தச் சபையில் வாய்விட்டுச் சொல்ல முடியாத ரகம். 2000இல் அந்தக் கவுண்டியில் அல் கோர் 324 வாக்கில் ஜெயித்திருந்தார். 2004இல் அங்கே புஷ் 1,600க்கும் அதிகமான வாக்கில் ஜெயித்தார். கோர் ஜெயித்த ஒஹாயோ கவுண்டிகளில் புஷ் பக்கம் சாய்ந்தது அது ஒன்றுதான். கடிதம்தான் சாய்த்தது என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் உதவி செய்தது என்று எதிரணியாலும் சத்தியம் செய்ய முடியாது.

எதிரணியின் மூன்றாவது நண்பர் யேல் பல்கலைக்கழக ஆய்வைக் காட்டினார். 1998இல் நியூ ஹேவன் நகரில் செய்தது. நேரில் போய்க் கதவைத் தட்டினால் வாக்களிக்க வருகிறவர்கள் எண்ணிக்கை நன்றாகவே கூடுகிறது என்றது. நல்ல ஆய்வு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது சொல்வது வாக்களிக்க வருவார்கள் என்றுதான் தம்பி. யாருக்கு வாக்களிப்பார்கள் என்று சொல்லவில்லையே! ஆர்வம் மிஞ்சி, பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தெருவில் எல்லாக் கதவையும் தட்டினீர்கள் என்றால், எதிராளியின் ஆட்களையும் நீங்களே எழுப்பிச் சாவடிக்கு அனுப்பிவைக்கிறீர்கள். அதுவும் இலவசமாக.

"அப்படியானால் ஒபாமா?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுக்கிறார். வாருங்கள். 2008 ஜனவரியில் அதே அயோவாவில் ஒபாமா ஏறக்குறைய 38 சதவீதத்தோடு முதலிடம் வந்தார். தொண்டர் பலம்தான். ஆனால் அந்தத் தொண்டர்களை எப்படி வைத்திருந்தார்கள்? முகாம் போட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். அலுவலகச் சுவர்களில் மரியாதை கொடு, அதிகாரம் கொடு, சேர்த்துக்கொள் என்ற பொருளில் மூன்று சொற்களை எழுதி வைத்தார்கள். பிறகு பொதுத் தேர்தலில் அக்கம்பக்கத்து அணிகளைக் கட்டியபோது, ஒருவரைத் தலைவராக்கும் முன் சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். செய்து காட்டியவருக்குப் பொறுப்பு, சத்தம் மட்டும் போட்டவருக்கு வேறு வேலை. ஆர்வத்துக்குக் கடிவாளம் போட்டு ஜெயித்தவரை, ஆர்வம் மிஞ்சினால் ஜெயிக்கலாம் என்பதற்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறீர்கள். அவர் வந்தால் எங்கள் பக்கம்தான் உட்காருவார்.

மணி அடித்துவிட்டார்கள். ஒரு நிமிஷம் நடுவர் அவர்களே, ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். 2004இல் டெனிஸ் குசினிச் என்றொரு வேட்பாளர் இருந்தார். போரை எதிர்ப்பதில் டீனுக்கு ஒரு படி மேல். தன் மூலையில் 15 சதவீதம் சேராத இடங்களில் தன் ஆதரவாளர்களை எங்கே போகச் சொன்னார் தெரியுமா? கொள்கையில் பக்கத்து வீட்டுக்காரரான டீனிடம் இல்லை; போருக்கு வாக்களித்த எட்வர்ட்ஸிடம். வேட்பாளர்களுக்குள் என்ன கணக்கு என்பது அவர்களுக்கே வெளிச்சம், அது இருக்கட்டும். அந்த அறையில் நின்ற ஒரு சாதாரண குசினிச் ஆதரவாளர், தலைவர் சொன்னாலும் கேட்காமல் டீன் மூலைக்கு நடந்திருக்கலாம், யாரும் தடுத்திருக்க முடியாது. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்த மூலையில் யார் இருந்தார்கள்? வெளியூரிலிருந்து வந்த ஆரஞ்சுத் தொப்பிக்காரருக்கு அந்தக் காக்கஸில் எந்த மூலையிலும் நிற்கவே உரிமை கிடையாது. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லட்டும். வணக்கம்.