ஹெரால்டு காருக்கு பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்? கடை கடையாகச் சொல்கிறேன்

வணக்கம் மக்களே. சத்தம் சரியாகக் கேட்கிறதா? பக்கத்து வீட்டில் ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் வேலை முடிய மத்தியானம் ஆகும், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நாம் இருப்பது மார்த்தாண்டத்தில் இருந்து குலசேகரம் போகிற வழியில், ஆசானின் ஒர்க்‌ஷாப்பில். ஆசான் என்றால் என் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக். அவர் கேமரா முன்னால் வரமாட்டார். குரல் மட்டும் அவ்வப்போது வரும். வந்தால் பெரும்பாலும் என்னைத் திட்டுவதாகத்தான் இருக்கும்.

போன வீடியோவுக்குக் கீழே திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்றுதான். “ஹெரால்டுக்கு பார்ட்ஸ் எங்கே வாங்குகிறீர்கள்?” நேராகச் சொல்லிவிடுகிறேன்: ஹெரால்டு பார்ட்ஸ் விற்கிற கடையில் நான் வாங்குவது ரொம்பக் குறைவு. பேரிங் கடை, ஆயில் சீல் கடை, ஹோஸ் கடை, குளச்சலில் படகு எஞ்சின் சாமான் விற்கிற கடை, இங்கெல்லாம்தான் வாங்குகிறேன். “பார்ட்ஸ் கிடைக்காது” என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் கடையில் போய் வண்டியின் பேரைச் சொல்லிக் கேட்கிறவர்கள். பேரைச் சொன்னால் கிடைக்காது. அளவைச் சொன்னால் கிடைக்கும்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. இது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்று ஓடிய வண்டியை, நம் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1961-இல் இருந்து செய்தது. எஞ்சின் 948 சிசி. உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலோட்டி. பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும், பாருங்கள், இப்படி. முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். ஆசானுக்கு இந்த வண்டியைப் பிடித்ததற்கே அதுதான் காரணம். “முதுகு வலிக்காம வேலை பாக்க விட்ட ஒரே வண்டி இதுதாம்லே” என்பார்.

சரி, முதலில் ஸ்பேனர். சிரிக்காதீர்கள். பழைய வண்டி பாதி கெடுவது ஸ்பேனரால்தான். ஹெரால்டு, பழைய அம்பாசடர் இரண்டிலும் போல்ட் தலை இஞ்சுக் கணக்கு. ஃபியட்டில், அதாவது பத்மினியில், மில்லிமீட்டர். நம்மூரில் எந்த ஒர்க்‌ஷாப்பில் பார்த்தாலும் பன்னிரண்டு-பதிமூன்று ஸ்பேனர்தான் கையில் இருக்கும். ஹெரால்டில் அதிகம் வருகிற அரை இஞ்சு போல்ட் 12.7 மில்லிமீட்டர். பதிமூன்றைப் போட்டால் உட்காரும், ஆனால் 0.3 மில்லி ஆட்டம் இருக்கும். பையத் திருப்பினால் தப்பிக்கும். துருப்பிடித்த போல்டில் குழாயைச் செருகி எம்பினால் தலை உருண்டுவிடும். அதற்கப்புறம் உளி, சுத்தியல், வெல்டிங். இந்த வண்டியை நான் வாங்கும்போது ஆறு மூலை இருக்க வேண்டிய தலைகள் எல்லாம் நெல்லிக்காய் மாதிரி இருந்தன. புதுக்காசு போட்டு பார்ட்ஸ் வாங்குவதற்கு முன் ஒரு இஞ்சு ஸ்பேனர் செட் வாங்குங்கள். 7/16, 1/2, 9/16 இந்த மூன்று இருந்தாலே பாதி வண்டியைக் கழற்றிவிடலாம். இசுசு எஞ்சின் வந்த பிற்கால அம்பாசடர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: உங்களுக்கு பாடியில் இஞ்சு, எஞ்சினில் மில்லிமீட்டர். இரண்டு செட்டும் வேண்டும். பாவம்தான்.

அடுத்தது பேரிங். பழைய பேரிங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எண் பொறித்திருக்கும். உதாரணத்துக்கு 6203 என்று இருந்தால் உள்விட்டம் 17 மில்லி, வெளிவிட்டம் 40, கனம் 12. அது எந்த நாட்டில் செய்ததானாலும் அதே அளவுதான். தான் ஹெரால்டில் இருக்கிறோமா, மாவு மில்லில் இருக்கிறோமா என்பது பேரிங்குக்குத் தெரியாது. எண் அழிந்திருந்தால் வெர்னியர் வைத்து மூன்று அளவையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஆயில் ஒழுகாமல் தடுக்கிற வளையமான ஆயில் சீலும் அப்படியே: உள்விட்டம், வெளிவிட்டம், கனம். ஆனால் சீலை வாங்குவதற்கு முன் அது உட்காருகிற ஷாஃப்டை நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் எத்தனை புது சீல் போட்டாலும் ஆயில் ஒழுகும்.

நாகர்கோவிலில் ஒரு கடையில் நடந்தது. “அண்ணே, ஹெரால்டுக்கு முன்சக்கர பேரிங் இருக்கா?” “அது என்ன வண்டி, எலக்ட்ரிக்கா?” எண்ணை எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் உள்ளே போய் இரண்டே நிமிடத்தில் எடுத்து வந்தார். வந்தவர், “இத முதல்லயே சொல்லப்பிடாதா? சும்மா வண்டி கதை பேசிட்டு!” என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

இப்போது கேமராவைக் கீழே கொண்டுபோகிறேன். இந்த வீடியோவில் நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது இதுதான். முன் சக்கரத்துக்குப் பின்னால், கீழே, பித்தளை நிறத்தில் ஒரு கட்டி தெரிகிறதா? இதுதான் ட்ரன்னியன். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புத் தூணின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை இந்தக் கட்டிக்குள் திருகி நிற்கிறது. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் தூண் இதற்குள் திரும்புகிறது. அதாவது, வண்டியின் முன் சக்கரம் நிற்பதே ஒரு மரையில்.

இதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது. கம்பெனி சொன்னது கியர் ஆயில், 90 நம்பர், அதிக அழுத்தம் தாங்குகிற ஈ.பி. வகை. ஆனால் ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் கன் கையில் இருந்தால் துவாரம் தெரிகிற இடத்தில் எல்லாம் அடிப்பார்கள். கிரீஸ் நாளடைவில் காய்ந்து மெழுகாகிவிடும். அடியில் மரைக்குப் போய்ச் சேராது. மேலே இருக்கிற ரப்பர் வளையம் கிழிந்திருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். நமக்கு ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை, இடையில் முட்டம் பக்கம் போனால் உப்புக் காற்று. மரை உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து மெலியும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் தூண் அந்த இடத்தில் ஒடிந்து, சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிப் படுத்துவிடும். நல்ல காலமாக, பெரும்பாலும் மெதுவாகப் போகும்போது, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்புகையில்தான் இது நடக்கும். வேகத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டாம்.

அதனால், ஹெரால்டு வாங்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். அப்புறம் தூணைக் கழற்றி மரையைக் கண்ணால் பார்த்தால்தான் மனம் ஆறும். ஒன்று மறக்காதீர்கள்: இடது பக்கத்து மரையும் வலது பக்கத்து மரையும் எதிரெதிர்த் திசை. கழற்றும்போதே இதில் இடது, அதில் வலது என்று துணி கட்டி வையுங்கள். இந்த உருப்படிக்கு மட்டும் உள்ளூர்க் கடை உதவாது. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வண்டிக்கும் இதே வகைதான் என்பதால் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். வரவழைத்துவிடுங்கள். இங்கே மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். லேத்தில் கொடுத்து “இதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு தாங்க” என்று கேட்கிற பொருள் இது இல்லை.

அடுத்தது ரப்பர் புஷ், அதாவது சஸ்பென்ஷன் இணைப்புகளில் அதிர்வைத் தாங்குகிற ரப்பர் உருளை. இங்கே எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. சுற்றிலும் பாருங்கள், திரும்பின பக்கமெல்லாம் ரப்பர் மரம். தேசமே இங்கிருந்து ரப்பர் வாங்குகிறது. எனக்கு ஒரு சஸ்பென்ஷன் புஷ் வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டைக்குப் போன் போட வேண்டியிருக்கிறது! மோல்டு வைத்துச் செய்து தருகிறவர் அகப்பட்டால் கடினத்தைக் கேட்டுச் செய்யுங்கள். ஷோர் ஏ கணக்கில் 60, 70-க்கு நடுவில் இருந்தால் சஸ்பென்ஷனுக்குப் பொதுவாகச் சரியாக வரும். செருப்பு ரப்பரை வெட்டிப் போட்டால் ஒரு வாரம் சொகுசாக இருக்கும், அப்புறம் கடகட. இன்னொன்று. துருப்பிடிக்காமல் இருக்க அடியில் பழைய எஞ்சின் ஆயிலைப் பூசுகிற வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. தகடுக்கு அது நல்லதுதான். ஆனால் இயற்கை ரப்பரில் ஆயில் பட்டால் ஊதிப் பஞ்சாகிவிடும். பூசுகிறவர்கள் புஷ்ஷையும் பிரேக் ஹோஸையும் விட்டுவிட்டுப் பூசுங்கள். பிரேக்குக்குள் இருக்கிற ரப்பர் கப்பைப் பெட்ரோலில் கழுவுகிற ஆளைக் கண்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பிரேக் ஆயிலில் மட்டும்தான் கழுவ வேண்டும்.

படகுக் கடைக்கு வருவோம். துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் போல்ட், நல்ல ஹோஸ் கிளிப், தண்ணீர் கரைக்காத கிரீஸ் எல்லாம் அங்கே உண்டு. நம்பர் பிளேட், பம்பர், கதவு பீடிங் பிடிக்கிற ஸ்குரூ இதற்கெல்லாம் ஸ்டெயின்லெஸ் போடுங்கள், உப்புக் காற்றுக்கு நல்லது. ஆனால் சஸ்பென்ஷனிலும் ஸ்டியரிங்கிலும் பளபளப்பைப் பார்த்துப் போட்டுவிடாதீர்கள். சாதாரண ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 700 மெகாபாஸ்கல் தாங்கும். 8.8 என்று தலையில் எழுதின இரும்பு போல்ட் 800 தாங்கும். நம் வண்டியின் இஞ்சு போல்டில் எண் இருக்காது. தலையில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. கோடே இல்லையென்றால் சஸ்பென்ஷன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

(இதோ குரல் வந்துவிட்டது. “எலே மக்கா, பேசினது போதும், போய் சாயா குடிச்சிட்டு வா.”)

இதன் அர்த்தம் பழகினவர்களுக்குத் தெரியும். ஆசான் இப்போது எதையோ பெரிய சுத்தியலால் அடிக்கப் போகிறார். வண்டிக்காரன் கண் முன்னால் அடித்தால் அவன் முகம் போகிற போக்கு அவருக்குத் தாங்காது. அதற்குத்தான் சாயா. “வடையும் சாப்பிட்டுட்டு வா” என்றால் வெல்டிங். “வீட்டுக்குப் போ, நான் விளிக்கேன்” என்றால் கியர் பாக்ஸ் இறங்கப் போகிறது, ஒரு மாதத்துக்கு வண்டியை மறந்துவிடலாம். எல்லாம் மாட்டி முடித்தபின் தரையில் இரண்டு வாஷர் மிச்சம் கிடந்தால் அதற்கும் பதில் உண்டு: “அது கம்பெனிக்காரன் பயந்துட்டு கூடுதலா போட்டது.” ஆனால் ட்ரன்னியனில் கை வைத்தால் அவர் பேச்சே மாறிவிடும். அங்கே ஒரு வாஷர் மிச்சம் வந்தாலும் முழுவதையும் மறுபடி இறக்குவார்.

நிறையப் பேர் கேட்ட பெட்ரோல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்போது பங்கில் வருவது இ20, அதாவது நூற்றுக்கு இருபது எத்தனால். நம் வண்டி செய்த காலத்து ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரமும் இதற்கென்று செய்ததில்லை. ஊறி, மிருதுவாகி, கடைசியில் விரியும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டுவது விளையாட்டில்லை. ஹோஸ் கடையில் எத்தனால் தாங்குகிற ஆர்9 வகை கேளுங்கள். மீட்டருக்கு விலை கூடத்தான், ஆனால் மொத்த வண்டிக்கும் சேர்த்தே தேவை கொஞ்சம்தான். எத்தனால் தண்ணீரை இழுக்கும், அதனால் மழைக்காலத்தில் டேங்கைக் காலியாகப் போட்டு வைக்காதீர்கள். உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும். ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் வண்டி திக்குகிறது என்றால் கலவை மெலிந்துவிட்டது, அதாவது காற்றோடு கலக்கிற பெட்ரோல் போதவில்லை என்று பொருள். கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டிப் பாருங்கள்.

வழியில் நின்றுபோனால்? பெரும்பாலும் டிஸ்ட்ரிப்யூட்டர் பாயிண்ட், அதாவது ஸ்பார்க் வர வைக்கிற தொடுமுனைதான் காரணம். இடைவெளி பதினைந்து தவ், அதாவது ஒரு இஞ்சில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, மில்லியில் 0.38. இடைவெளி அளக்கிற தகடான ஃபீலர் கேஜ் இல்லையென்றால் பையில் இருக்கிற விசிட்டிங் கார்டை நுழைத்து வைத்து முடுக்குங்கள், வீடு வந்து சேரலாம். வீட்டுக்கு வந்ததும் சரியாக வைத்துவிடுங்கள்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடி மாதம் ஹெரால்டு ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முப்பந்தல் காற்றாடிகள் சுற்றுகிற வேகத்தைப் பார்த்து உங்கள் வேகத்தைக் குறையுங்கள். வண்டி எடை குறைவு. பின்னால் ஸ்விங் ஆக்ஸில், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து ஆக்ஸிலும் மேலும் கீழும் ஆடுகிற அமைப்பு. காற்று அறைகிற நேரத்தில் வளைவில் சட்டென்று காலை எடுத்தாலோ பிரேக் பிடித்தாலோ பின் சக்கரம் உள்பக்கமாக மடங்கப் பார்க்கும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவில் மெல்ல மிதித்தபடி போங்கள்.

வின்டேஜ் பதிவு பற்றி ஒருவர் கேட்டிருந்தார். 2021-இல் வந்த மத்திய அரசு விதி: முதல் பதிவில் இருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கு வி.ஏ. எழுத்துப் போட்ட தனி எண் வாங்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஆனால் அப்புறம் வண்டியைத் தினப்படி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றால் மட்டும்தான். நான் அந்தப் பக்கம் போகவில்லை. மார்த்தாண்டத்துச் சாதாரண டி.என். 75 எண்ணே போதும் எனக்கு. தக்கலைச் சந்தைக்கு வண்டியில் போய் ஏத்தன் வாழைக்குலை வாங்கிக்கொண்டு வர முடியாது என்றால் எதற்கு அந்த வண்டி?

கடைசியாக, எனக்கே ஒன்று வேண்டும். இடது பின்கதவின் கண்ணாடி ஏற்றுகிற ரெகுலேட்டர், நான்கு கதவு ஹெரால்டுக்கு. இது பேரிங் கடையிலும் இல்லை, படகுக் கடையிலும் இல்லை. உங்கள் வீட்டு ஓலைப்புரையிலோ தாத்தா காலத்து ஷெட்டிலோ துருப்பிடித்துக் கிடந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பல் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை. விலை பேசிக்கொள்ளலாம். சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது, நான் உள்ளே போய்ப் பார்க்கிறேன்.