கர்ப்பிணியின் உறக்கத்தைக் கெடுப்பது சூழலே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். கர்ப்பிணியின் உறக்கம் கெடுவதற்குப் பெரிதும் காரணம் உடலா, சூழலா என்னும் இந்த வழக்கில், சூழலே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழியார் நெஞ்செரிச்சல், கால் குடைச்சல், சிறுநீர் கழிக்க அடிக்கடி எழுவது, குழந்தையின் உதை என்று ஒரு பட்டியலை வாசித்துவிட்டு, "இவற்றையெல்லாம் மாமியாரா உண்டாக்கினார்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். கைதட்டல் அவருக்கே இருக்கட்டும். அந்தப் பட்டியல் எனக்குப் போதும்.

நெஞ்செரிச்சலை எடுத்துக்கொள்வோம். கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் கூடுவதால் இரைப்பையின் மேல்வாய்த் தசை தளர்கிறது, வளரும் கருப்பை இரைப்பையை மேல்நோக்கி அழுத்துகிறது, அமிலம் எதுக்களிக்கிறது. இதுவரை உடலின் செயல்தான், மறுக்கவில்லை. ஆனால் உண்டவுடன் படுத்தால் எரிச்சல் பெருகும் என்பதால், இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விடச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். எல்லோருக்கும் பரிமாறி, அடுப்படியைத் துடைத்து, கடைசி ஆளாகப் பத்து மணிக்குத் தட்டெடுத்து உட்காருகிற பெண், விடியற்காலையில் மறுபடி எழ வேண்டியவள், அந்த இரண்டு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பாள்? மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும், அதில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். தசையைத் தளர்த்தியது ஹார்மோனாக இருக்கலாம். சோற்றைப் பத்து மணிக்குத் தள்ளியது ஹார்மோன் அன்று.

கால் குடைச்சலும் அப்படித்தான். படுத்ததும் காலை அசைக்காமல் இருக்க முடியாத அந்தத் தொல்லைக்கு இரும்புச்சத்துக் குறைவோடு நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை மருத்துவ உலகம் அறியும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. வீட்டில் கீரையும் முட்டையும் மீனும் யார் தட்டுக்கு முதலில் போகின்றன, சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு சேர்த்து விழுங்கினால் சத்து சரியாக உடலில் சேராது என்று அவளுக்கு யாரேனும் சொன்னார்களா என்பவை உடற்கூறு நூலில் விடை கிடைக்கும் கேள்விகளா?

இதற்கிடையே நம் வீடுகளில் ஒரு கட்டளை வேறு உலவுகிறது. புரண்டு படுப்பதானால் எழுந்து உட்கார்ந்து பிறகுதான் மறுபக்கம் படுக்க வேண்டுமாம். இல்லையேல் குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றிக்கொள்ளுமாம். கொடி சுற்றுவது குழந்தையின் அசைவால் நிகழ்வது. தாய் படுக்கையில் திரும்புவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் இந்த அச்சத்தால் இரவில் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் முழுதாக விழித்து எழுகிறாளே, அந்த விழிப்புக்கு உடலா காரணம்? 28 வாரங்களுக்குப் பிறகு மல்லாந்து உறங்கப் போவதைத் தவிர்த்து, இடமோ வலமோ ஒருக்களித்துப் படுப்பது நல்லது என்பதே ஆய்வுகள் சொல்வது. கருப்பையின் எடை முதுகுப்புறப் பெருஞ்சிரையை அழுத்தி இரத்த ஓட்டத்தைக் குறைப்பதுதான் காரணம். நடுவில் விழித்து மல்லாந்திருப்பதைக் கண்டால் அப்படியே திரும்பிப் படுத்தால் போதும்.

உறக்கம் கெட்டால் என்ன, பிள்ளை பிறந்துவிடாதா என்று கேட்போருக்கும் விடை சொல்லியாக வேண்டும். தாயின் உடலில் இரவில் சுரக்கும் மெலடோனின் என்னும் உறக்க ஹார்மோன் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது. கருவுக்கு இரவு எது பகல் எது என்னும் செய்தி இப்படி அவள் வழியாகவே போய்ச் சேருகிறது. சீனாவின் ஹெஃபேய் நகரில் 7,000க்கும் மேற்பட்ட தாய்-சேய் இணைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், கர்ப்ப காலத்தில் இரவில் 7 மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கிய தாய்மாரின் குழந்தைகளிடம், குறிப்பாக ஆண் குழந்தைகளிடம், வளர்ச்சித் தாமதம் கூடுதலாகத் தென்பட்டது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிறுவும் ஆய்வன்று; குறைவாக உறங்கும் தாய்க்கு வேறு துயரங்களும் இருக்கக்கூடும். எனக்குள்ள அச்சம் வேறொன்று. உடலே காரணம் என்னும் எதிரணி வாதத்தோடு இந்த முடிவைச் சேர்த்து வைத்தால், பிள்ளை நடக்கவோ பேசவோ தாமதிக்கும் நாளில் "நீ ஒழுங்காகத் தூங்கவில்லை" என்ற வசை அவள் தலையில்தான் விழும். உறங்கவிடாதவர்கள் அப்போது நீதிபதிகளாக அமர்ந்திருப்பார்கள்.

வீட்டுக்கு வெளியே வருகிறேன். தொழிற்சாலைகளில் பெண்களை இரவுப்பணியில் அமர்த்தக் கூடாதென்ற சட்டப்பிரிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் செல்லாதென அறிவித்தது. பெண்ணுக்கு வேலைவாய்ப்பைத் திறந்துவிட்ட அந்தத் தீர்ப்பை நான் வரவேற்பவன்தான். ஆனால் வாசலைத் திறந்தவர்கள் கர்ப்பிணிக்கென ஓர் ஏற்பாட்டைச் செய்ய மறந்துவிடக் கூடாதல்லவா? 2017இல் திருத்தப்பட்ட பேறுகாலப் பலன் சட்டம் கொண்டுவந்த 26 வார விடுப்பில் பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரமே. அப்படியானால் ஏறத்தாழ 32ஆம் வாரம் வரை அவள் பணியில் இருக்கிறாள். டென்மார்க்கில் 2019இல் வெளியான ஆய்வில், ஒரே வாரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இரவுப்பணி பார்த்த கர்ப்பிணிகளுக்கு அடுத்த வாரத்தில் கருச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு சுமார் 32 விழுக்காடு கூடியிருந்தது. இரவுப்பணிப் பட்டியலை எழுதுவது மேற்பார்வையாளரின் பேனா. எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பர், அந்தப் பேனா கர்ப்பிணியின் உடலில் எந்த உறுப்பு என்று மட்டும் இந்த அவைக்குச் சொல்லிவிட்டுத் தம் உரையைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.