கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பும் சரக்கு ரயில்

[திரையில்: மண் மேடு ஒன்று, உச்சியில் ஒற்றைச் சரக்குப் பெட்டி]

இந்த மேட்டைப் பாருங்கள். என்ஜின் பின்னாலிருந்து மெல்லத் தள்ளுகிறது. உச்சிக்கு வந்த பெட்டியைக் கழற்றிவிடுகிறார்கள். அது தன் எடையிலேயே உருண்டு, கீழே தனக்குரிய தண்டவாளத்தில் போய்ச் சேர்கிறது. பெட்டிகளைப் போகுமிடம் வாரியாகப் பிரிக்கும் இந்த இடம்தான் ஹம்ப் யார்டு. அமெரிக்காவின் சிஎஸ்எக்ஸ் ரயில்வேயில் இப்படி 12 யார்டுகள் இருந்தன. 2017இல், வந்த சில மாதங்களிலேயே அவற்றில் பலவற்றில் மேட்டு வேலையை நிறுத்தினார் புதிய தலைமைச் செயல் அதிகாரி ஹன்டர் ஹாரிசன்.

யார்டு அறியாத அதிகாரி என்று அவரை ஒதுக்க முடியாது. மெம்பிஸில் பெட்டிகளுக்கு எண்ணெய் போடும் வேலையில் தொடங்கியவர். ரயில் நிரம்பட்டும் என்று காத்திருக்காதே, நேரமானதும் கிளப்பு என்பது அவர் கணக்கு. பெட்டி யார்டில் தூங்காவிட்டால் பெட்டி, என்ஜின், ஆள் எல்லாமே குறைவாகப் போதும். இதைக் கனடாவின் இரண்டு பெரிய ரயில்வேக்களிலும் செய்துகாட்டியவர் என்பதால், சிஎஸ்எக்ஸுக்கு வரக்கூடும் என்ற செய்திக்கே அதன் பங்கு ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் எகிறியது.

[திரையில்: ஜாக்சன்வில், சிஎஸ்எக்ஸ் தலைமையகக் கட்டடம்]

ஆள் குறைப்பு என்றால் தண்டவாளத்தில் நிற்பவர்தான் நம் நினைவுக்கு வருவார். இங்கே கத்தி முதலில் விழுந்தது மேசைகள் மீது. ஹாரிசன் பொறுப்பேற்பதற்கு முன்பே, பிப்ரவரியில், சுமார் 1,000 நிர்வாகப் பணியிடங்கள் போகும் என்று நிறுவனம் அறிவித்துவிட்டது.

கோடையில் பெட்டிகள் வழியில் தேங்கின. சரக்கு அனுப்பியவர்கள் கொதித்தார்கள். மாற்றத்தை எதிர்க்கும் சில ஊழியர்கள்தான் காரணம் என்று வாடிக்கையாளர்களுக்கு எழுதினார் ஹாரிசன். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. பல யார்டுகளை ஒரே மூச்சில் மாற்றினால், எந்தப் பெட்டி எங்கே என்று சொல்ல அனுபவசாலிகள் வேண்டாமா? அக்டோபரில் ரயில்வேக்களைக் கண்காணிக்கும் அரசு வாரியம் விசாரணை நடத்தியது. அதே மாதம் சிஎஸ்எக்ஸின் மூன்று மூத்த அதிகாரிகள் விலகும் செய்தியும் வந்தது. டிசம்பரில் ஹாரிசன் காலமானார்.

[திரையில்: 69.4 என்ற எண் 60.3 ஆக இறங்குகிறது]

ஆனால் கணக்கு பலித்தது. 2016இல் 100 டாலர் வருமானத்துக்கு 69.4 டாலர் செலவழித்த நிறுவனம், 2018இல் 60.3 டாலரில் முடித்துக்கொண்டது. மற்ற பெரிய ரயில்வேக்களில் பலவும் அதே வழிக்கு வந்தன.

விந்தை இதுதான்: மேலாளர்களைச் செலவாகப் பார்த்த இந்தத் திட்டம், அதை நடத்தத் தெரிந்த ஒரு சிலரின் விலையை வானத்துக்கு ஏற்றிவிட்டது. ஹாரிசனுக்காக சிஎஸ்எக்ஸ் பங்குதாரர்கள் 8.4 கோடி டாலர் தரச் சம்மதித்தார்கள். 2024இல் நார்ஃபோக் சதர்ன் என்ற இன்னொரு அமெரிக்க ரயில்வே, ஜான் ஆர் என்ற ஒரே ஒரு செயலாக்கத் தலைவரை விடுவித்துத் தரும்படி கேட்டு, போட்டி ரயில்வேக்குக் கொடுத்தது 2.5 கோடி டாலர்.