மாதக் கடைசியிலும் பருப்பு

நேயர்களுக்கு வணக்கம். பள்ளியில் மனையியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அன்றும் இன்றும் என் மனதை அரிக்கும் கேள்வி ஒன்றுதான்: கையில் காசு குறையும்போது சமையலில் எதைக் குறைப்பது?

நம் வீடுகளில் முதலில் குறைவது பருப்பு. இருபதாம் தேதி தாண்டிவிட்டால் சாம்பார் நீர்த்துவிடுகிறது. ஒரு கைப்பிடிப் பருப்பில் ஐந்து பேருக்குக் குழம்பு. சோறு மட்டும் குறைவதில்லை. ரேஷனில் அரிசி இலவசம், வயிறும் நிரம்பிவிடுகிறது. வளரும் பிள்ளைக்கு வயிறு நிரம்பினால் போதுமா?

அரிசிப் புரதத்தில் லைசின் என்ற சத்து குறைவு. அது பயறில் நிறைய இருக்கிறது. பயறில் குறைவான மெத்தியோனின் என்ற சத்து அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். பெயர்களை மறந்துவிடுங்கள், அளவை மட்டும் நினைவில் வையுங்கள். மூன்று டம்ளர் அரிசி உலையில் போட்டால், ஒரு டம்ளர் பருப்போ பயறோ அன்றைக்குள் ஏதாவது ஒரு வடிவில் தட்டுக்கு வந்துவிட வேண்டும். மூன்றுக்கு ஒன்று. காய் குறையட்டும், எண்ணெய் குறையட்டும், இது குறையக் கூடாது.

ரேஷனில் ஒரு கிலோ துவரம்பருப்பை 30 ரூபாய்க்குத் தருகிறார்கள். அது தீர்ந்த பிறகு? அங்கேதான் கொள்ளு கைகொடுக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன்.

எங்கள் கொங்குப் பக்கத்தில், பக்கத்துத் தெருவில் தறி ஓட்டும் குடும்பம் ஒன்று இருக்கிறது. அந்த வீட்டு அம்மா ராத்திரி படுக்கும் முன் ஒரு டம்ளர் கொள்ளைக் கல் பார்த்து, கழுவி ஊறவைத்துவிடுவார். காலையில் அதைக் குக்கரில் குழைய விட்டு இறக்கி வடித்தால், செம்பழுப்பு நிறத்தில் கெட்டியான தண்ணீர் இறங்கும். அதில் புளி கரைத்து, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டால் ரசம் தயார். வெந்த கொள்ளில் பாதியைச் சின்ன வெங்காயம், வரமிளகாய், கொத்தமல்லி விதை வதக்கிச் சேர்த்துக் கடைந்தால் மதியச் சோற்றுக்குக் கொள்ளுப் பருப்பு. மீதியைக் கடுகு, கறிவேப்பிலை தாளித்து எடுத்து வைப்பார். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு அது சுண்டல். “டீச்சர், ஒரு டம்ளர் கொள்ளு எனக்கு மூன்று வேலை பார்க்கிறது, கேஸும் மிச்சம்” என்பார். அந்த வீட்டில் பிஸ்கட் பாக்கெட் வாங்கும் வழக்கமே நின்றுபோயிற்று. நான் பாடமாக நடத்தியதை அவர் அடுப்படியில் நடத்திக்கொண்டிருந்தார்.

உடனே சிலர் பழமொழி சொல்வார்கள்: இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. ஒல்லியான பிள்ளைக்குக் கொள்ளு கொடுக்கலாமா என்று தாய்மார்கள் தயங்குகிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். நூறு கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. ஏறக்குறைய துவரம்பருப்புக்குச் சமம். சோறோடு சேர்த்துக் கொடுத்தால் பிள்ளை இளைக்காது. சூடு என்று பயந்தால் பச்சைப்பயறு, தட்டைப்பயறு என்று மாற்றிக்கொள்ளுங்கள். எதுவாக இருந்தாலும், ராத்திரி ஒரு டம்ளர் ஊற வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், மூன்றுக்கு ஒன்று.

கீரையைப் பற்றியும் கேழ்வரகைப் பற்றியும் நிறையப் பேச நினைத்திருந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், ஆகவே சுருக்கமாக. கேழ்வரகு நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது; அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குதான். ஆகவே வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது கூழோ களியோ அடையோ செய்யுங்கள். முருங்கைக்கீரை பக்கத்து வீட்டு மரத்தில் இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். கீரையைக் கழுவிய பிறகு நறுக்குங்கள். நறுக்கிவிட்டுக் கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். வணக்கம்.