0.19 செகண்டு

வணக்கம் நேயர்களே. பனிச்சறுக்குன்னாலே மலை உச்சியில இருந்து சர்ருனு கீழ இறங்குறதுதான் நம்ம மனசுல வரும், ஆனா நான் பேசப்போற கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் வேற, இதுல ஏத்தத்துலயும் ஏறணும், சமதளத்துலயும் ரெண்டு கம்பை ஊன்றி ஊன்றி உடம்பைத் தள்ளிக்கிட்டே போகணும், ரேஸ் முடியுற கோட்டைத் தாண்டினதும் நிறைய பேர் மூச்சு வாங்கிக்கிட்டு அப்படியே பனியில விழுந்துடுவாங்க. 1952 ஓஸ்லோ ஒலிம்பிக்ஸ்லதான் பெண்களுக்கு இதைச் சேர்த்தாங்க. அமெரிக்காவுக்கு இந்த விளையாட்டுல ரொம்ப காலம் ஒரே ஒரு ஒலிம்பிக் மெடல்தான், 1976ல பில் கோச் வாங்குன வெள்ளி.

அலாஸ்காவுல ஆங்கரேஜ்ல வளர்ந்த கிக்கன் ராண்டல் 2002ல முதல் ஒலிம்பிக்ஸ் போனாங்க, அப்ப வயசு 19. 2007ல ரஷ்யாவுல ரிபின்ஸ்க்ல உலகக் கோப்பை ரேஸ் ஜெயிச்சாங்க, 2009ல உலக சாம்பியன்ஷிப்ல வெள்ளி, அமெரிக்கப் பெண்கள்ல அதுதான் முதல் மெடல். 2012ல இருந்து மூணு சீசன் தொடர்ந்து ஸ்பிரின்ட், அதாவது குறைஞ்ச தூர ரேஸ் கோப்பை அவங்களுக்குத்தான். இவ்வளவும் இருந்து 2014 சோச்சி ஒலிம்பிக்ஸ்ல கால் இறுதியிலயே 0.05 செகண்டுல வெளிய போயிட்டாங்க, எனக்கே இன்னும் மனசு ஆறல.

ஆனா இந்த மெடல் எல்லாத்தையும் விட எனக்குப் பெரிசா தெரியுறது, அவங்க தனக்குப் பின்னாடி வந்த பொண்ணுங்களை எல்லாம் ஒரு குடும்பம் மாதிரி சேர்த்துக்கிட்டதுதான். ரிலே ரேஸ்னா எல்லாரும் முட்டி வரைக்கும் கோடு போட்ட கலர் சாக்ஸ், முகத்துல ஜிகினா, கிக்கன் முடியில பிங்க் கலர். அந்தக் கூட்டத்துல வந்த ஜெஸ்ஸி டிக்கின்ஸோட சேர்ந்து 2013லயே டீம் ஸ்பிரின்ட்ல உலக சாம்பியன்.

அப்புறம் 2018 பியோங்சாங். கிக்கனுக்கு அது அஞ்சாவது ஒலிம்பிக்ஸ், வயசு 35, வீட்டுல ரெண்டு வயசு கூட ஆகாத பையன். டீம் ஸ்பிரின்ட்ல ஆளுக்கு மூணு ரவுண்டு, மாத்தி மாத்தி ஓடணும். கிக்கன் பக்கத்துல ஓடினது யாருன்னு நினைக்கிறீங்க, நார்வேயோட மரித் பியோர்கனும் ஸ்வீடனோட ஷார்லோட் கல்லாவும், ரெண்டு பேருமே ஒலிம்பிக் தங்கத்தை வாரிக் குவிச்சவங்க, அவங்களை விட்டுடாம ஒட்டிக்கிட்டே போயி ஜெஸ்ஸியைத் தொட்டு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் கிக்கன் கையில ஒண்ணும் இல்ல, நின்னு பார்க்குறது மட்டும்தான். கடைசி ரவுண்டுல மூணாவதா இருந்த ஜெஸ்ஸி ஒவ்வொருத்தரா முந்தி, கோட்டுக்கிட்ட வந்து காலை நீட்டுனாங்க பாருங்க, 0.19 செகண்டு வித்தியாசத்துல அமெரிக்காவுக்கு முதல் தங்கம். பனியில விழுந்து கிடந்த ஜெஸ்ஸி மேல கிக்கன் ஓடிப்போயி விழுந்தாங்க.

மூணே மாசத்துல கிக்கனுக்கு மார்பகப் புற்றுநோய்னு டாக்டர் சொல்லிட்டாங்க. கீமோ, ஆபரேஷன், எல்லாம் பார்த்தாங்க. 2019 நவம்பர்ல நியூயார்க் மராத்தான் ஓடினாங்க, மூணு மணி நேரத்துக்குள்ள முடிச்சாங்க.