ஆறு போதும்

நேயர்களுக்கு வணக்கம்.

வங்கியில் பணம் எடுக்கும் சீட்டை நம்மிடம் நீட்டி, "கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டேன், கொஞ்சம் நிரப்பிக் கொடுங்கள்" என்று கேட்பவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். அவர்களில் பலர் கண்ணாடி போடுகிற வழக்கமே இல்லாதவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அல்ல. மூன்றாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ தாண்டியவர்கள். பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படித்துவிடுவார்கள், ரேஷன் கடைக் கரும்பலகையைப் படித்துவிடுவார்கள். அரைப் பக்கம் தொடர்ச்சியாக வந்தால்தான் திணறுவார்கள். பக்கத்தில் யாராவது நின்றால் அந்த அரைப் பக்கத்தையும் மூடி வைத்துவிடுவார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றவர்கள் சுமார் 80 சதவீதம். நான் சொல்கிறவர்கள் அந்த எண்பதுக்குள்தான் இருக்கிறார்கள். அதனாலேயே எந்த எழுத்தறிவு வகுப்பும் அவர்களைத் தேடி வருவதில்லை. நூலகத்துக்கும் அவர்கள் வருவதில்லை. ஊர்ப்புற நூலகங்களில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், இவர்களுக்காக ஒரு வாசிப்புச் சவாலை எப்படி நடத்தலாம் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்கான இயக்கமாக்கினார். சைக்கிள் நிலைத்தது. தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் அது தினமும் வேண்டியிருந்தது. எழுத்து அப்படித் தினமும் வேண்டியதாக ஆகவில்லை. கற்ற கையோடு படிக்க, அவர்கள் வயதுக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற புத்தகங்கள் ஊரில் போதுமான அளவு இல்லை. புழங்காத எழுத்து மங்கிப் போகும்.

பிரிட்டனில் ரீடிங் ஏஜென்சி என்ற அறக்கட்டளை 2008-இல் 'ஆறு புத்தகச் சவால்' என்ற ஒன்றைத் தொடங்கியது. பிற்பாடு அதற்கு 'ரீடிங் அஹெட்' என்று பெயர் மாற்றினார்கள். நூலகம், கல்லூரி, வேலையிடம், சிறைச்சாலை என்று பல இடங்களில் அது நடந்திருக்கிறது. படிக்கத் தயங்கும் பெரியவர் ஒருவர் தனக்குப் பிடித்த ஆறைத் தானே தேர்ந்தெடுத்துப் படிக்க வேண்டும், படித்ததைப் பற்றி ஒரு சிறு குறிப்பேட்டில் ஓரிரு வரி எழுத வேண்டும், முடித்தால் சான்றிதழ். அவ்வளவுதான். யாரோடும் போட்டி இல்லை, முதல் பரிசு இல்லை. அதற்கு முன்பே, 2006-இல், பெயர்பெற்ற எழுத்தாளர்களே இத்தகைய வாசகர்களுக்காகச் சிறு புத்தகங்கள் எழுதும் 'குவிக் ரீட்ஸ்' வரிசையும் அங்கே வந்துவிட்டது. நம் நட்சத்திர எழுத்தாளர்கள் ஆளுக்கொன்று அப்படி எழுதித் தந்தால் என் வேலை பாதியாகக் குறையும். கேட்டுக்கொண்டிருக்கும் எழுத்தாளர்கள் இதை விண்ணப்பமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ஆறு என்ற எண்ணிக்கையை நான் மாற்ற மாட்டேன். ஒன்று என்றால் விளையாட்டாக இருக்கும், இருபது என்றால் பயந்து ஓடுவார்கள். ஆனால் ஆறும் புத்தகமாகத்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கக் கூடாது. வார இதழில் வந்த ஒரு சிறுகதை, பேரனின் பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கை, கோயிலில் விற்கும் தலவரலாறு, உரமூட்டையோடு வரும் துண்டறிக்கை என எதுவானாலும் ஒன்றுதான். 1942-இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தியை டீக்கடை பெஞ்சில் எழுத்துக் கூட்டிப் படித்தே வாசகரானவர்கள் இந்த மாநிலத்தில் ஏராளம். அந்தப் படிப்பை மட்டமாக நினைப்பவர் இந்தச் சவாலை நடத்த வேண்டாம்.

மனப்பாடமாகத் தெரிந்த கவசத்தைப் புத்தகத்தில் பார்த்துப் படித்தால் கணக்கில் சேருமா என்று ஒரு சக நூலகர் கேட்டார். அதைப் பார்க்காமலே சொல்லிவிடுவார்களே என்பது அவருடைய ஆட்சேபம். கட்டாயம் சேரும் என்றேன். வாய்க்குத் தெரிந்த வரியைக் கண்ணும் விரலும் பின்தொடரும்போது, 'ற'வும் 'ர'வும் எங்கே வருகின்றன என்பது தானாகப் பிடிபடுகிறது. தொடங்குவதற்கு அதைவிட நல்ல பக்கம் கிடையாது.

புத்தகம் பொறுக்குவதில்தான் நடத்துபவரின் நேரமெல்லாம் போக வேண்டும். அட்டையைப் பார்க்காதீர்கள், நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். எழுத்து சிறியதாக இருந்தால் அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள். அடுத்து, சொற்களின் நீளம். 'வந்துகொண்டிருந்தவர்களையெல்லாம்' என்று ஒரே சொல்லாக அச்சிட்டிருந்தால், ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படிக்கும் பெண்மணி 'யெல்லாம்' வரும்போது 'வந்து'வை மறந்திருப்பார். மறுபடி முதலிலிருந்து போவார். இரண்டாவது முறையும் வழுக்கினால் புத்தகத்தை மூடிவிடுவார். அதே சொல் வரிக் கடைசியில் உடைந்து, மிச்சம் அடுத்த வரிக்குப் போயிருந்தால் இன்னும் மோசம். அதையே 'வந்துகொண்டு இருந்தவர்களை எல்லாம்' என்று பிரித்து அச்சிட்டிருந்தால் அவர் நிற்காமல் போவார். இதைப் பதிப்பாளர்களிடம் சொன்னால் பக்கம் கூடும் என்கிறார்கள். கூடட்டுமே.

குழந்தைகள் புத்தகத்தை மட்டும் பெரியவர் கையில் நேராகக் கொடுத்துவிடாதீர்கள். முயலும் ஆமையும் போட்ட அட்டையைக் கண்டால், வயல் விவகாரமும் வட்டிக் கணக்கும் பார்க்கிற ஆளுக்குக் கோபம் வரும், நியாயமான கோபம். ஆனால் அதே புத்தகத்தைப் பேத்திக்குப் படித்துக் காட்டுவதற்காக என்று கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்துக்காக வந்த சிறு நூல்கள் இதற்கு நன்றாகப் பயன்படும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். யாரையும் கூட்டத்தில் உரக்கப் படிக்கச் சொல்லாதீர்கள். பள்ளியில் எழுந்து நின்று படித்து, தடுமாறி, வகுப்பே சிரித்ததைப் பலர் ஐம்பது வயதிலும் மறக்கவில்லை. உட்கார்ந்து தனக்குள் படிக்கட்டும். உதடு அசைந்தால் அசையட்டும். கேள்வி கேட்டுச் சோதிப்பதும் வேண்டாம். குறிப்பேட்டில் "அந்த மாமியார் செய்தது சரியில்லை" என்று ஒரு வரி இருந்தால், கதை உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். "பிடிக்கவில்லை, பாதியில் விட்டேன்" என்பதையும் நான் ஏற்றுக்கொள்வேன். எழுத்துப் பிழையைச் சிவப்பு மையால் திருத்துகிறவர்களை அந்தப் பக்கமே விடக் கூடாது.

இடமும் காலமும் அவர்களுடையதாக இருக்க வேண்டும். 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போனார்கள். இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன்தான் அதைத் தொடங்கி வைத்தார். இன்று வண்டி தேவையில்லை. மகளிர் சுய உதவிக் குழு கூடும் திண்ணைக்கும், நூறு நாள் வேலைக்காரர்கள் சாப்பிட உட்காரும் மரத்தடிக்கும் ஒரு பை நிறையப் புத்தகத்தோடு போனால் போதும். அறுவடை நாள்களில் போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எங்கள் பக்கம் தை அறுவடை முடிந்த பிறகு கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். மூன்று மாதம் கொடுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஊர்ப் பெரிய மனிதரை மேடையேற்றி, படிக்கத் தடுமாறியவர்கள் என்று அறிமுகப்படுத்தி, புகைப்படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புவதாக இருந்தால் அந்தச் சான்றிதழே வேண்டாம். பெயரைப் பிழையில்லாமல் எழுதிக் கையில் கொடுங்கள். வேண்டுமென்றால் அவர்களே சட்டம் போட்டு மாட்டிக்கொள்வார்கள்.

மூன்றாவது நான்காவதோடு நின்றுபோகிறவர்களும் இருப்பார்கள். வேலை வந்திருக்கும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போயிருக்கும். அவர்களுடைய குறிப்பேட்டைத் திருப்பி வாங்காதீர்கள். அடுத்த சுற்றில் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். தை முடிந்து தொடங்க நினைப்பவர்கள் மார்கழிக்குள் புத்தகங்களைப் பொறுக்கிவிடுங்கள். அந்த வேலைக்கு நீங்கள் நினைப்பதைவிட அதிக நாள் பிடிக்கும்.

நன்றி, வணக்கம்.