தேமல் என்று மூடிவைத்த கை

(திருகோணமலையில் ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் பேசியது)

அம்மாமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் தோல் கிளினிக்கில் தாதியாக இருந்த காலத்தில் சம்பூர்ப் பக்கமிருந்து ஒரு தாய் வருவா. கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைப் பிளவுஸ்தான். முழங்கைக்குக் கீழே வெளிறிய ஒரு படை. அரிப்பில்லை, நோவில்லை. தேமல் என்று சொல்லி இரண்டு வருசம் மூடிவைத்திருந்தா. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சுத் திரியால் அந்த இடத்தைத் தொட்டேன். தொட்டதே அவவுக்குத் தெரியவில்லை. சின்னவிரல் அதற்குள் மடங்கத் தொடங்கிவிட்டது.

"எனக்கு விளங்கினது மிஸ். அப்பப்பாவை மாந்தீவுக்குத்தான் கொண்டுபோனவை. மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கிறம், அதுதான்..."

மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கும் அந்தத் தீவில் ஒரு காலத்தில் தொழுநோயாளரை ஒதுக்கி வைத்தார்கள். அந்தப் பயம்தான் பேத்தியின் கையை மூடவைத்தது.

தொழுநோய் சாபமுமில்லை, பரம்பரை வியாதியுமில்லை. கிருமிதான் காரணம் என்று நோர்வே நாட்டு டொக்டர் ஹான்சன் 1873-இலேயே கண்டுபிடித்துவிட்டார். நம்மில் பெரும்பாலானோருக்கு அதை எதிர்க்கும் சக்தி உடம்பிலேயே உண்டு. குளிசை இலவசம்; ஆறு மாதம், கூடினால் ஒரு வருசம். தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவருக்குத் தொற்றாது. மருந்து இவ்வளவு சுலபமாக இருந்தும் இலங்கையில் ஒவ்வொரு வருசமும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புது நோயாளர்கள். பிந்தி வருபவர்களுக்குத்தான் நரம்பு கெட்டு விரல் மடங்குகிறது. அந்த விரலைப் பார்த்துத்தான் ஊர் பயப்படுகிறது. ஊருக்குப் பயந்துதான் அடுத்தவரும் பிந்தி வருகிறார்.

சரி, கிளினிக்குக்கு வந்தாலும் பாடு முடியாது. குளிசைகளில் ஒன்று தோலைக் கறுக்கப்பண்ணும். மருந்து முடிந்தபிறகு அது மெல்ல மெல்ல மாறிவிடும். ஆனால் கிணற்றடியில் "என்னடி இப்படிக் கறுத்துப்போனாய்?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அன்றிரவே குளிசையை நிறுத்திவிடுவார்கள். வீட்டாரைப் பரிசோதிக்க வரும் பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்), "சேர், மோட்டார் சைக்கிளை அடுத்த ஒழுங்கையில விட்டுட்டு வாங்கோ" என்று கெஞ்சியவர்களை நான் அறிவேன்.

அந்தத் தாய் ஒரு வருசக் குளிசையையும் ஒழுங்காகப் போட்டு முடித்தா. படை மறைந்தது. சின்னவிரல் மட்டும் நிமிரவேயில்லை. இரண்டு வருசம் முந்தி வந்திருந்தால் அந்த விரலைக் காப்பாற்றியிருக்கலாம். இன்றைக்கும் எனக்கு அது நெஞ்சுக்குள் கிடக்கிறது.

கூட்டம் முடிந்தபிறகு பின் அறையில் பஞ்சுத் திரியோடு இருப்பேன். தேத்தண்ணி குடிக்க வருவதுபோல வாருங்கோ, கதவைச் சாத்திவிட்டுப் பார்ப்போம்.